பவுடர் விழும் நேரம்

முனிலட்சுமியை ஓரிடத்தில் உட்கார வைத்துப் பேசிவிட முடியாது. பேச்சுக்கு நடுவிலேயே எழுந்துபோய் அடுப்பைத் துடைப்பாள். ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்ப்பாள். வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். "உக்காந்தா உனக்கு முள்ளு குத்துதா?" என்று அவள் கணவன் வெங்கட் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இப்போது கேட்பதையே விட்டுவிட்டான். ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் அவர்களுக்கு ஓர் அறை வீடு. அவன் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். காலையிலிருந்து மாலை வரை ஒரே மெஷின் முன்னால் நிற்க அவனால் முடியும். அவளால் முடியாது.

கல்யாணத்துக்கு முன்பே மூன்று கம்பெனிகளில் சேர்ந்து மூன்றையும் விட்டவள் அவள். ஒன்றில் ஒயர் சுற்றும் வேலை. இன்னொன்றில் ரோஜாப் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலை. கடைசியாகச் சேர்ந்த இடத்தில் பெல்ட்டில் வரும் பொருளுக்கு ஒரு திருகு போட்டு அடுத்த ஆளுக்குத் தள்ள வேண்டும். "பெல்ட்டு பாட்டுக்குப் போய்க்கினே இருக்குது, நான் மட்டும் மரம் மாதிரி நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஒரு மதியம் வெளியே வந்தவள், திரும்பிப் போகவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகுதான் ஆனந்தின் ஏஜென்சியில் சேர்ந்தாள். ஆனந்த் தேனிப் பக்கத்துக்காரர். கம்பெனிகளுக்கு டீ, காபி மெஷின்களை வாடகைக்கு விட்டு, பவுடரும் அவரே சப்ளை செய்வார். முனிலட்சுமிக்கு முதலில் கொடுத்தது மெஷின் கழுவும் வேலை. மெக்கானிக் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு நாளில் அவளே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள். உள்ளே அப்படி ஒன்றும் மாயமில்லை. வெந்நீர் டேங்க், பவுடர் டப்பாக்கள், ஒவ்வொரு டப்பாவுக்கும் அடியில் ஒரு குட்டி மோட்டார். பட்டனை அழுத்தினால் மோட்டார் கொஞ்ச நேரம் சுற்றும். அந்த நேரத்துக்குள் எவ்வளவு பவுடர் விழுகிறதோ அதுதான் டீ. நேரத்தைக் கூட்டினால் டீ திக்காகும், குறைத்தால் தண்ணீராகும். ஆனந்த் அவள் கையில் ஒரு ஸ்கூட்டர் சாவியைக் கொடுத்தார். அன்றிலிருந்து அவள் கால் தரையில் பாவவில்லை.

ஜூஜூவாடி எல்லையிலிருந்து பர்கூர் வரை அவள் போகாத கேட் இல்லை. ஒவ்வொரு இடத்துக்கும் ஒவ்வொரு நாக்கு. கர்நாடகத்திலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் ஹோட்டலில் ஒரு காபியை இரண்டாகப் பங்கிட்டுக் குடிக்கும் பழக்கத்தை மெஷின் முன்னாலும் விடமாட்டார்கள். ஒரு கப்பை நிரப்பி, காலிக் கப்பில் பாதியைச் சரித்து, பக்கத்தில் நிற்பவரிடம் நீட்டுவார்கள். மதுரைக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் ஸ்ட்ராங் வேண்டுமென்று பட்டனை இரண்டு முறை அழுத்திப் பார்ப்பார்கள். பீகார், ஒடிசா பையன்கள் இஞ்சி டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பார்கள். பாலும் தூளும் தட்டிப்போட்ட இஞ்சியும் ஒரே சட்டியில் கிடந்து கொதித்தால்தான் அவர்களுக்கு அது டீ. ஏ.சி. அறைகளில் நூல் தொங்கும் கிரீன் டீ. கல் அறுக்கும் பர்கூர்ப் பக்கம் லெமன் டீ. தூசி அடைத்த தொண்டை அதில்தான் கொஞ்சம் இளகுமாம். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் சீசன் நேரத்தில் மெஷினைச் சீண்ட ஆளிருக்காது. நாளெல்லாம் இனிப்பு வாசனையில் ஊறுகிறவர்களுக்கு உப்புப் போட்ட மோர்தான் வேண்டும்.

எந்த மெஷினைச் சரிசெய்தாலும் கடைசியில் ஒரு கப் பிடித்து, ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்பிவிட்டுத்தான் மூடுவாள். பொழுது சாயும்போது நாக்கு மரத்துப்போயிருக்கும். ஆனாலும் அடுத்த போன் வந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வாள்.

அந்த மெஷின் மேல் அவளுக்கு ஏன் அத்தனை பிடிப்பு என்று வெங்கட்டுக்குத் தெரியும். அவனும் அவளைப் போலவே ஒரு காலனியில் பிறந்தவன்தான்.

முனிலட்சுமி பிறந்தது உத்தனப்பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு ஊரில். ஊருக்கு வெளியே, ஓடைக்கு அந்தப் பக்கம் அவர்கள் காலனி. அப்பா கரியப்பனும் அம்மா செல்லியும் தக்காளித் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். செல்லி சிறு பெண்ணாக இருந்த காலத்தில் காலை ஆகாரம் என்றால் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ள வெங்காயம். டீ என்பது எப்போதாவது காய்ச்சல் கண்டவர்களுக்கு யாராவது வாங்கி வருவது. தோட்டங்கள் பெருகி, ஆள் கிடைக்காமல் போன பிறகுதான் கூலியோடு காலை ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ என்ற பேச்சே வந்தது. டீ குடித்தால் பசி அடங்கும், கையும் வேகம் பிடிக்கும் என்பதைத் தோட்டக்காரர்கள் கண்டுகொண்டார்கள்.

ஊருக்குள் திம்மராயன் டீக்கடை இருந்தது. ஊர்க்காரர்களுக்குப் பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். காலனிக்காரர்களுக்கென்று அலுமினிய டம்ளர்கள் கூரை ஓரத்தில் செருகியிருக்கும். எடுத்து நீட்டினால் திம்மராயன் மேலிருந்து ஊற்றுவார். தரையில் குந்திக் குடித்து, தானே கழுவி, எடுத்த இடத்திலேயே செருகிவிட வேண்டும். கரியப்பன் அந்த டம்ளரைத் தொட்டதே இல்லை. டீ குடிக்க ஆசை வந்தால் பஸ் ஏறி ராயக்கோட்டை போவார்.

முனிலட்சுமி இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்தபோது, ஒருமுறை அவளையும் கூட்டிப் போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு கடை. கரியப்பன் நேராகப் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். அப்பா அப்படி ஒரு கடையில் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. பயந்துபோய்ச் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ப்பா, உக்காரலாமா?"

"இங்க உக்காரலாம். நீயும் உக்காரு."

கண்ணாடி கிளாஸில் டீ வந்தது. சூடு தாங்காமல் அவள் பாவாடை நுனியால் பிடித்துக் குடித்தாள். அப்பா மெதுவாக, ரொம்ப மெதுவாகக் குடித்தார். கடைக்காரர், "இன்னொண்ணு போடட்டுமா?" என்று கேட்டபோது அப்பா தலையை ஆட்டினார்.

பின்னால் யாரோ புகார் எழுதி, அதிகாரிகள் வந்து போனார்கள். திம்மராயன் கடைக் கூரையில் இருந்த டம்ளர்கள் காணாமல் போயின. காலனிக்காரர்களுக்குப் பேப்பர் கப் வந்தது. ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி கிளாஸ் அப்படியே இருந்தது. இதைக் கேட்கப் போன பையன்களிடம், "உங்களுக்குத்தான் புதுசு குடுக்கிறேன், சுத்தமா இருக்குது, அப்புறம் என்ன?" என்றாராம் திம்மராயன்.

அதனால்தான் கம்பெனி மெஷினை முதன்முதலில் பார்த்த நாள் முனிலட்சுமிக்கு மறக்கவில்லை. மேனேஜர் அழுத்தினார், அதே கப். பெருக்குகிற அக்கா அழுத்தினாள், அதே கப். யார் விரல் என்று மெஷின் பார்க்கவில்லை. "எவன் வந்து அமுக்குனாலும் ஒரே டீதான் ஊத்துது" என்று அன்று வீட்டில் வந்து வெங்கட்டிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சூளகிரியைத் தாண்டி, வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனி. ஆனந்தின் ஏஜென்சிக்கு அதுதான் பெரிய இடம். அங்கே இரண்டு மெஷின்கள்: கீழே தகடு அமுக்கும் பிரஸ் ஓடும் கூடத்தில் ஒன்று, மாடி ஆபீஸில் ஒன்று. ஒரு காலை ஆனந்த் அவளைக் கூப்பிட்டார்.

"லட்சுமி, அந்தக் கம்பெனில கீழ இருக்கிற மெஷினுக்குப் பவுடர் டைமைக் கொஞ்சம் கொறைச்சிரும்மா. டீச் செலவு ரொம்ப ஓடுதுன்னு கம்பெனியில சொல்றாக."

"மேல இருக்கிறதுக்கு?"

"மேல எதுக்கு? அங்க ஒண்ணும் சொல்லலையே."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வெங்கட்டின் பட்டறையில் அப்போது வேலை சரியாக இல்லை. ஆனந்தோ முகம் கோணாமல் நடத்துகிற முதலாளி. போனாள், மெஷினைத் திறந்தாள், நேரத்தைக் குறைத்தாள். வழக்கம்போல ஒரு வாய் எடுத்து உருட்டித் துப்பினாள். எப்போதும் இல்லாமல் அன்று வாயைத் தண்ணீரால் கொப்பளித்தாள்.

அடுத்த முறை போனபோது அருணா அவளை மறித்தாள். அருணா பிரஸ் பிரிவில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ரோஜாப் பூ அடுக்கிய நாளிலிருந்து சிநேகிதி.

"ஏய் முனி, என்னாடி இது? டீயா, இல்ல கப்பு கழுவுன தண்ணியா? காலையில ஆறு மணிக்கே வந்து நிக்கிறோம். இந்த ஒரு டீயை நெனைச்சிக்கினுதான் பத்து மணி வரைக்கும் ஓட்டறது."

"பவுடர் பேட்ச் மாறிப்போச்சு. சரியாயிடும்."

பொய் இத்தனை சுலபமாக வாயில் வரும் என்று முனிலட்சுமி நினைக்கவில்லை. அருணா நம்பிவிட்டாள். அதுதான் இவளை அரித்தது.

டீ மாறவில்லை. கீழே வேலை செய்கிறவர்கள் டீ நேரத்தில் கேட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தார்கள். அங்கே நாராயணம்மா மொபெட்டில் டீ கேனும், ஒரு ஸ்டீல் பானையில் கேழ்வரகுக் கரைசலும் வைத்து விற்பாள். தெலுங்குக்காரி, வாய் ஓயாது. கூட்டம் மொய்த்தது. ஆட்கள் திரும்பி வர நேரமாகிறது என்று சூப்பர்வைசர்கள் முணுமுணுக்க, டீ நேரத்தில் கேட்டை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு மெஷின் தண்ணீர். வெளியே நாராயணம்மாவுக்கு ஆளில்லை.

ஒரு நாள் கேட்டருகே முனிலட்சுமியைப் பார்த்ததும் அவள் கையாட்டிக் கூப்பிட்டாள்.

"இக்கட ரா அம்மா. உன் மெஷினு கெட்டுச்சுன்னதும் எனக்கு நல்ல காலம்னு நெனைச்சேன். இப்ப கேட்டையே மூடிட்டானுங்க. நீ ரிப்பேர் பண்ற ஆளா, இல்ல ரிப்பேர் ஆக்குற ஆளா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். முனிலட்சுமிக்குச் சிரிக்க வரவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பினாள். எங்கே போகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கிருஷ்ணகிரி ரோட்டில் குருபரப்பள்ளி வரை போய்விட்டுத் திரும்பினாள்.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கழுவிய மெஷினையே மறுபடி கழுவினாள். வேறு கம்பெனிகளுக்குப் போனாலும், யாராவது கப்பை வாயருகே கொண்டுபோகும்போது அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர்க் குழாயை மூடினாள். மூடிய குழாயை மறுபடி போய்ப் பார்த்தாள். வெங்கட் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

"என்னான்னு சொல்லு."

சொன்னாள்.

"அந்த டீயை நீ குடிச்சுப் பாத்தியா?"

"வாயில வெச்சுத் துப்பினேன்."

"அவங்க முழுங்கறாங்க" என்றான் வெங்கட்.

மறுநாள் காலையே ஆனந்தின் எதிரில் போய் நின்றாள். "ண்ணா, கீழ கொறைச்சதை மறுபடி ஏத்திடறேன். இல்லைன்னா மேலயும் அதே அளவு வெச்சிடலாம். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"என்னம்மா வெளையாடுறியா? மேல இருக்கவுகதான நமக்கு கான்ட்ராக்ட் குடுக்குறது. அவுக வாயில தண்ணிய ஊத்துனா நாளைக்கே மெஷினத் தூக்கிருவாக."

"கீழ இருக்கிறவங்க வாயில ஊத்தலாமா?"

ஆனந்த் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் யாரும் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. கெட்ட மனிதர் இல்லை. பயந்த மனிதர்.

அன்று அவள் சூளகிரிக்குப் போனாள். கீழே இருந்த மெஷினைத் தொடவில்லை. நேராக மாடி ஏறினாள். ஆபீஸ் மெஷினைத் திறந்து, பவுடர் விழும் நேரத்தைக் கீழே வைத்த அளவுக்கே கொண்டுவந்தாள். மூடினாள். படியிறங்கி வந்து, வண்டி நிறுத்தும் ஷெட்டில் ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்தாள். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள்.

வெகுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனந்த் போன் செய்தார். "எங்கம்மா இருக்க? மேல டீ வாயில வெக்க முடியலையாம். எச்.ஆர். மேடம் கத்துறாக. ஓடு, ஓடு."

"இங்கதான் இருக்கேன், ண்ணா."

எச்.ஆர். வினிதாவுக்கு அவள் வயதுதான் இருக்கும். மெஷினுக்கு முன்னால் கையில் கப்போடு நின்றிருந்தாள். சுற்றி நாலைந்து பேர் காலிக் கப்புகளோடு.

"என்ன ப்ராப்ளம் இதுல? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது?"

"ப்ராப்ளம் ஒண்ணுமில்ல மேடம். கீழ என்ன அளவோ, அதையே மேலயும் வெச்சேன்."

"யார் வெக்கச் சொன்னது?"

"கீழ கொறைக்கச் சொன்னது யாருன்னு எனக்குத் தெரியாது மேடம். மேல கொறைச்சது நான்தான்."

யாரோ ஒருவர் சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். வினிதாவின் முகம் சிவந்தது. "அது காஸ்ட் மீட்டிங்ல..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். அதை அங்கேயே வைத்துவிட்டு, மற்றவர்களைப் போகச் சொன்னாள்.

"ரெண்டையும் பழையபடி வெச்சிடுங்க" என்றாள், குரலைத் தாழ்த்தி. "ஆனா இனிமே இந்தக் கம்பெனிக்கு நீங்க வர வேண்டாம். வேற ஆள் அனுப்பச் சொல்லுங்க."

"சரிங்க மேடம்."

முதலில் கீழே போய் அந்த மெஷினைத்தான் சரிசெய்தாள். அவள் மூடும்போதே டீ நேரம் வந்துவிட்டது. வரிசையில் முன்னால் நின்ற அருணா ஒரு கப் பிடித்துக் குடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இதான்டி டீ! பேட்ச் வந்துருச்சா?"

சரி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. "பேட்ச் எதுவும் மாறல அருணா. கொறைக்கச் சொன்னாங்க, நான் கொறைச்சேன். உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அருணா மீதி டீயை நின்றபடியே குடித்து முடித்தாள். கப்பைக் கசக்கி வாளியில் போட்டுவிட்டுத் தன் பிரஸ் பக்கம் நடந்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று முனிலட்சுமிக்குத் தோன்றியது.

ஆனந்த் அன்று மாலை கத்தினார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "உன்ன வெளிய அனுப்பவும் மனசு வரல, இங்க வெச்சுக்கவும் முடியல" என்று சொல்லி, ஓசூர், சூளகிரி இரண்டையும் அவளிடமிருந்து எடுத்துவிட்டு, கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பக்கத்தைக் கொடுத்தார். தூரம் அதிகம், வெயில் அதிகம்.

அந்தக் கம்பெனியில் நல்ல டீ சில மாதம் ஓடியது. பிறகு ஆனந்தின் மெஷின்களை அனுப்பிவிட்டு வேறு ஏஜென்சியைக் கொண்டுவந்தார்கள். இப்போது ஆளுக்குக் கார்டு. காட்டினால்தான் கப் விழும். ஆனால் மேலும் கீழும் ஒரே டீதான் என்று யாரோ வந்து சொன்னார்கள். நாராயணம்மா அந்த கேட்டை விட்டு, பாகலூர் ரோட்டில் வேறோர் இடம் பார்த்துக்கொண்டாள். கேழ்வரகுக் கரைசல் டீயைவிட வேகமாகத் தீர்ந்துவிடுகிறதாம்.

முனிலட்சுமி இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறாள். போன சித்திரையில் ஒரு மதியம், பர்கூர் இன்ஜினியரிங் காலேஜ் கேன்டீன் மெஷினைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் ஸ்கூட்டரை ரோட்டோரப் புளியமரத்தடிக்குத் தள்ளி நிறுத்தினாள். அன்றைக்குப் பிறகு அருணா அவளை அழைத்ததே இல்லை.

"முனி, புது மெஷினு அடைச்சிக்கிச்சு. ஆளு நாளைக்குத்தான் வருவாராம். கூட வேலை செய்யற பிள்ளைங்க எல்லாம் சும்மா நிக்குது. நீ சொல்லு, நான் தொறக்கறேன்."

"அது வேற ஏஜென்சி மெஷின்டி. உன்மேல பழி வரப் போவுது."

"சூப்பர்வைசரு பக்கத்துலதான் நிக்கிறாரு. சீக்கிரம் சொல்லு, பிரேக்கு முடியப் போவுது."

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இரைந்துகொண்டு போயின. ஒரு காதைக் கையால் அழுத்தி மூடிக்கொண்டு முனிலட்சுமி சத்தமாகச் சொன்னாள்: முதலில் கரண்டை நிறுத்து, வெந்நீர்க் குழாயில் கை வைக்காதே, பவுடர் விழும் வாயைக் கழற்றி ஈரம் பிடித்திருக்கிறதா பார், கட்டி இருந்தால் காய்ந்த துணியால் தட்டி எடு, தண்ணீர் படக்கூடாது. அந்தப் பக்கம் ஏதோ கீழே விழும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம், அருணா யாரையோ அதட்டும் சத்தம்.

"வந்துருச்சு, வந்துருச்சு!"

"குடிச்சுப் பாரு."

உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சூடா கீது" என்றாள் அருணா. "சர்க்கரை கம்மி. சரி, பெல் அடிச்சிட்டான்டி, வெக்கறேன்."

முனிலட்சுமி போனைப் பைக்குள் போட்டாள். அடுத்தது ஒரு கிரானைட் கம்பெனி, காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஹெல்மெட்டை மாட்டி, லாரிகளுக்கு நடுவில் ஒரு இடைவெளி வருகிறதா என்று பார்த்து, வண்டியை ரோட்டில் ஏற்றினாள்.